மயில்துத்தம் தின்ற ஜீப்

போடிநாயக்கனூரில் அதிகாலை நான்கு மணிக்கே தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நின்றுவிடும். தூக்குவாளியும் மடித்த பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் ஏறுவார்கள். களை எடுப்பு, கவாத்து, காய் எடுப்பு என்று ஏலத்தோட்டத்தில் வருஷம் முழுக்க வேலை உண்டு. ஜீப்புகள் முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை என்று கேரளத்துக்குள் பிரிந்து போகும். சாயங்காலம் அதே வழியில் இறங்கும். தேனி மாவட்டத்துக் கூலியும் இடுக்கி மாவட்டத்து ஏலக்காயும் இந்த ஜீப்புகளில்தான் பல காலமாகப் போய் வருகின்றன.

அதே போடியிலிருந்து இன்னொரு பக்கம் திரும்பினால் குரங்கணிச் சாலை. சுமார் 15 கிலோமீட்டர். இரு பக்கமும் மாந்தோப்பு, இலவ மரம், தென்னை. கொட்டகுடி ஆறு சில இடங்களில் சாலையை ஒட்டியும் சில இடங்களில் பள்ளத்திலும் கூடவே வரும். நூறு வருஷத்துக்கு முன்னால் மூணாறு தேயிலை இந்த வழியாகத்தான் கீழே வந்தது. மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயில், அங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடம், அப்புறம் போடிக்கு வண்டி. 1924-ம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பெயர்கள் மட்டும் மலையில் நிற்கின்றன. ரயிலே இல்லாத ஊருக்கு ஏன் ஸ்டேஷன் என்று பெயர் என வெளியூர்க்காரர்கள் கேட்காமல் போவதில்லை.

கம்பிவடம் போனபின் மேட்டுக்காட்டு விளைச்சலைத் தலைச்சுமையும் குதிரையும் கோவேறு கழுதையும் இறக்கின. ஜீப் வந்தது அதற்கப்புறம். குரங்கணிக்கு மேலே காபி, மிளகு, எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கு இன்றும் மண்பாதைதான் நிஜமான பாதை. அங்கே பளபளப்பான புது வண்டிக்கு வேலை இல்லை. முன் சக்கரமும் பின் சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டும், கியரைக் குறைத்தால் நடை வேகத்தில் ஏற வேண்டும், பாறை தட்டினால் பட்டறையில் சுத்தியலாலேயே நிமிர்த்த முடிய வேண்டும்.

மகிந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டத் தொடங்கியது 1947-ல். அப்போதிருந்து வடிவம் கொஞ்சம் கொஞ்சமாக மாறினாலும் அடிப்படை ஒன்றேதான்: கீழே சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் தகர பாடி. சேஸிஸ் நன்றாக இருந்தால் பாடியைத் துண்டு துண்டாக மாற்றிக்கொண்டே வண்டியை எத்தனை காலம் வேண்டுமானாலும் ஓட்டலாம். மாட்டு வண்டிக்குப் பட்டாவும் ஆரக்காலும் மாற்றுகிற மாதிரிதான்.

குரங்கணிக்கு மேலே மூன்று ஏக்கரில் காபியும் மிளகும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்திடம் 1990-களில் வாங்கிய அப்படி ஒரு ஜீப் இருக்கிறது. போன அறுவடையில் மிளகு மூட்டையைப் பின்பக்கம் இறக்கி வைத்தபோது மூட்டையின் மூலை தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே தொங்கியது. மேலே விரித்திருந்த ரப்பர் பாயை எடுத்துப் பார்த்தால், ஓட்டுநரின் கால் வைக்கும் இடத்திலிருந்து பின்கதவு வரை தகடு அப்பளமாகப் பொரிந்திருந்தது. பதிவைப் புதுப்பிக்க மூன்று மாதமே இருந்தது. பழைய இரும்புக்காரர் எடைக்கு விலை கேட்டார். புது வண்டி என்றால் தோட்டத்து ஆவணத்தை வங்கியில் வைக்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்த மகன், 'நாமளே தகடு மாத்திரலாம்ப்பா' என்றார்.

துரு எங்கிருந்து வந்தது

மலையில் மழை அதிகம், அதனால் துரு என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மழை மட்டும் காரணம் என்றால் பானெட்டும் மட்கார்டும்தான் முதலில் போயிருக்க வேண்டும். அவை நன்றாகவே இருந்தன. போனது தரை. அதிலும் மருந்து டிரம் வைக்கும் மூலைதான் மிக மோசம்.

மிளகு வாடல் நோய்க்கும் ஏலக்காய் அழுகலுக்கும் மழைக்கு முன்பு போர்டோ கலவை அடிக்காத தோட்டம் இல்லை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கி எடுப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. கத்தியில் செம்பு நிறம் ஒட்டினால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். ஒட்டுகிற அந்தச் செம்புக்கு ஈடாகக் கத்தியிலிருந்து இரும்பு கரைந்து போகிறது. அதனால்தான் மயில்துத்தத்தை இரும்புப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது என்று விவசாயத்துறை காலம்காலமாகச் சொல்லி வருகிறது.

பாத்திரத்துக்குச் சொன்னது ஜீப்புக்கும் பொருந்தும் என்று யாரும் நினைப்பதில்லை. மயில்துத்தக் கரைசல் டிரம் மேட்டில் குலுங்கும்போது சிந்துகிறது. ரப்பர் பாய்க்கு அடியில் ஓடித் தேங்குகிறது. பெயிண்ட் கீறிய இடத்தில் கத்திச் சோதனை மாதக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கிறது. அடுத்தது பொட்டாஷ். கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டும் மூரியேட் ஆஃப் பொட்டாஷில் இருப்பது குளோரைடு. சமையல் உப்பு தகரத்தை என்ன செய்யுமோ அதையே இதுவும் செய்யும். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தகட்டைக் காயவே விடாது. ஈரமான தொழு உரத்தை ஏற்றிவிட்டுக் கழுவாமல் நிறுத்தினாலும் இதே கதைதான். உழவுக் கருவியைக் கழுவி எண்ணெய் தடவி வைக்கிற வீட்டிலும் ஜீப்பின் தரையைக் கழுவுவது தீபாவளிக்கு ஒரு முறைதான்.

ஒட்டு மேல் ஒட்டு

மலையடிவாரத்துப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள், 'மேலாப்ல ஒரு தகடு வச்சு ஒட்டி விட்ருங்கண்ணே' என்பது. பழைய தகட்டின் மேல் புதுத் தகடு வைத்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் புகுந்தால் வெளியே வர வழியில்லை. பழைய துரு புதுத் தகட்டையும் தின்னத் தொடங்கும். இந்த ஜீப்பின் தரையை வெட்டி எடுத்தபோது மூன்று அடுக்கு ஒட்டு இருந்தது. முன்பு வைத்திருந்தவர் ஒன்று, அவருக்கு முந்தியவர் ஒன்று என்று ஆளுக்கு ஒரு தகடு போட்டிருக்கிறார்கள்.

சரியான முறை, நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுப்பதுதான். எங்கே நிறுத்துவது என்று சுத்தியல் சொல்லும். நல்ல தகட்டில் தட்டினால் கணீரென்று கேட்கும், இற்றுப்போன தகட்டில் சொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பார்க்கலாம். அப்பாவும் மகனும் சாக்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டே போனதில், ஒரு சாண் வேலை என்று நினைத்தது முக்கால்வாசித் தரையாகிவிட்டது.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெல்டிங் மின்சாரம் ஆல்டர்னேட்டரைக் கெடுத்துவிடும். பல பழைய ஜீப்புகளில் டீசல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கும். அதைக் கழற்றித் தூரத்தில் வைக்காமல் நெருப்பு மூட்டவே கூடாது. காலி டேங்க்தானே என்று நினைப்பதுதான் ஆபத்து. திரவம் இல்லாத டேங்கில் ஆவி நிறைந்திருக்கும். மண் வாளி ஒன்று, தண்ணீர் வாளி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தரையை முழுக்க எடுப்பதாக இருந்தால், இரண்டு பக்கச் சுவரையும் குறுக்காக ஓர் ஆங்கிள் கம்பியால் இணைத்துத் தற்காலிகமாகப் பற்ற வைத்துக்கொள்ள வேண்டும். தரை போனதும் பாடி விரிந்துகொள்ளும், அப்புறம் எந்தத் துண்டும் பொருந்தாது.

மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. பம்புசெட்டுக்கு வரும் இலவச மின்சாரத்தில் வெல்டிங் போடக் கூடாது. இணைப்பையே துண்டிக்க அது காரணமாகலாம். வீட்டு இணைப்பிலேயே ஓடும் சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாடகைக்கும் கிடைக்கிறது.

தரைக்கு 16 கேஜ் தகடு, அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர், போதும். பக்கச் சுவருக்கு 18 கேஜ். கனமாகப் போட்டால் உறுதி என்று 10 கேஜ் போடுபவர்கள் இருக்கிறார்கள். வண்டியின் எடைதான் கூடும், ஓரத்தில் இருக்கும் மெல்லிய பழைய தகடு முதலில் கிழியும். கால்வனைஸ் தகட்டை வெல்டிங் செய்யும்போது வரும் வெள்ளைப் புகை துத்தநாகப் புகை. அது உடம்புக்குக் காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொடுக்கும். பற்ற வைக்கும் ஓரத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

மெல்லிய தகட்டில் ஆர்க் வெல்டிங் ஓட்டை போட்டுவிடும் என்பது உண்மை. 2.5 மில்லிமீட்டர் ராடு, குறைந்த ஆம்பியர், பொட்டுப் பொட்டாக வைப்பது என்று போனால் ஓட்டை விழாது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை இழுத்துக்கொண்டே போனால் சூட்டில் தகடு அலை அலையாக நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, எதிர்மூலையில் ஒரு பொட்டு, ஆறவிட்டு நடுவில் ஒரு பொட்டு என்று வைத்து, பிறகு இடைவெளிகளை நிரப்ப வேண்டும். வெல்டிங் படித்த பிள்ளைக்கு இது தெரியும். அப்பாவுக்குத்தான் பொறுமை இல்லை. இரண்டு நாளில் முடியும் என்று நினைத்த வேலை பதினோரு நாள் ஆனது. அதில் நான்கு நாள் மின்சாரம் இல்லாததால் போனது.

பற்ற வைத்த இடத்தைக் கிரைண்டரில் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடித்துவிட வேண்டும். மலைக்காற்றில் ஓர் இரவு விட்டால் காலையில் செம்மண் நிறம் ஏறியிருக்கும். இணைப்புகளில் சீலர் வைத்து, அடிப்பக்கம் தார் கலந்த கறுப்புப் பூச்சு இரண்டு கை. பட்டி என்பது பள்ளத்தை நிரவுவதற்கு மட்டும்தான். ஓட்டையைப் பட்டியால் அடைத்த வண்டி முதல் மேட்டிலேயே அதை உதிர்த்துவிடும். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பீய்ச்சும் வழக்கமும் உண்டு. துருவைக் கொஞ்சம் தடுக்கும்தான். ஆனால் அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், ஓடையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீரில் கலக்கும். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே இருப்பவர்கள் குடிக்கிறார்கள்.

இவர்கள் புதிதாகச் செய்த ஒரு காரியம் பக்கத்துத் தோட்டக்காரர்களையும் செய்ய வைத்தது. தரையின் தாழ்ந்த மூலைகளில் 10 மில்லிமீட்டர் அளவில் நான்கு துளைகள். தண்ணீர் ஊற்றினால் தேங்காமல் இறங்கிவிடுகிறது. ரப்பர் பாயை எடுத்துவிட்டு, கழற்றி மாட்டக்கூடிய மரச்சட்டம் போட்டார்கள்.

கை வைக்கக் கூடாத இடம்

தரைத் தகடு எடுத்த பிறகுதான் சேஸிஸ் கண்ணுக்குத் தெரியும். ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம், ஸ்டியரிங் பாக்ஸ் பூட்டியிருக்கும் இடம் இரண்டிலும் முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்க்க வேண்டும். இந்த ஜீப்பில் பின்பக்க ஸ்பிரிங் தாங்கியின் அருகே ஒன்று இருந்தது. மகன் தானே பற்ற வைத்துவிடலாம் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. போடியில் லாரி சேஸிஸ் வேலை செய்யும் பட்டறைக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் செய்தது சரி. பாடித் தகடு பிய்ந்தால் மூட்டை விழும், சேஸிஸ் பிய்ந்தால் வண்டியே பள்ளத்தில் விழும். ஸ்டியரிங் ராடு, பிரேக் பாகங்கள் எதிலும் வீட்டு வெல்டிங் கூடாது, அவற்றை மாற்றத்தான் வேண்டும். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. எண் அழிந்த வண்டி அலுவலகத்தின் பார்வையில் திருட்டு வண்டிதான்.

இரண்டடி நீட்டினால் என்ன?

வேலை பாதியில் இருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. பின்பக்கத்தை இரண்டடி நீட்டி, எதிரெதிராகப் பெஞ்சு போட்டால் காலையில் போடியிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு மெட்டுக்குப் போகலாம். தினமும் கைக்குக் காசு. ஊரில் பலர் அப்படிச் செய்கிறார்கள். 'நீ மட்டும் என்னத்துக்குய்யா பயப்படுற' என்று சொல்லவும் ஆள் இருந்தது. காபி விலை ஒரு வருஷம் ஏறி ஒரு வருஷம் இறங்கும் வீட்டில் தினக்காசு சின்ன விஷயம் இல்லை.

கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால் வேறு விதமாக வருகிறது. பின் சக்கரத்துக்கும் பின்னால் கூடும் ஒவ்வோர் ஆளின் எடையும் ஏற்றமரம் போல முன் சக்கரத்தைத் தூக்கும். ஏற்றத்தில் ஸ்டியரிங் லேசாகி, திருப்பினாலும் திரும்பாது. இறக்கத்தில் அதே எடை முன்னால் தள்ளும். 17 வளைவுகளில் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் டிரம் சூடேறி, கடைசி வளைவில் பெடல் வெறுமனே உள்ளே போகும். தோட்டத் தொழிலாளர் ஜீப் கவிழ்ந்த செய்தி இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. அதில் வருவது பெரும்பாலும் பெண்களின் பெயர்கள்.

பணக்கணக்கு இன்னொன்று. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை நம்பர் பலகை வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றினால் அது காப்பீட்டு நிபந்தனையை மீறியதாகிவிடும். விபத்து நடந்தால் இழப்பீடு வண்டிக்காரரின் தலையில் விழும். மூன்று ஏக்கரும் அதற்குப் போதாது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 52-ம் பிரிவு: தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்து வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி இருக்கிறது. இற்றுப்போன தகட்டை அதே வடிவில் மாற்றுவது பழுதுபார்ப்பு, அதற்குத் தடை இல்லை. நிறம் மாற்றினால் பதிவுச் சான்றிதழில் ஏற்ற வேண்டும். இன்ஜின் மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வேண்டும். பெரிய டயர் போட்டால் உயரம் கூடிக் கவிழும் வாய்ப்பும் கூடும், பிரேக்கும் அதற்குப் போதாது.

பெஞ்சு யோசனையை அந்த வீட்டில் கடைசியாக நிறுத்தியது அம்மா. கல்யாணத்துக்கு முன்னால் அவரும் அதே மெட்டு ஜீப்பில் வேலைக்குப் போய் வந்தவர்.

சின்னச் சின்ன மாற்றங்கள்

நீட்டவில்லை என்பதற்காக வண்டி அப்படியே இருக்கவில்லை. மூட்டை கட்டத் தரையின் ஓரத்தில் ஆறு வளையங்கள் வைத்தார்கள். பின்னால் ஏறுவதற்குப் பழைய படி வழுக்கியது, அதன் மேல் சொரசொரப்பான தகடு வந்தது. பிடித்து ஏற ஒரு கைப்பிடி. மழைச்சாரல் உள்ளே வராமல் படுதாவுக்கு இரண்டு பக்கமும் சுருட்டிக் கட்டும் நாடா. சக்கரத்துக்குப் பின்னால் ரப்பர் மண்தடுப்பு. சேற்றில் மாட்டினால் இழுக்கக் கொக்கி. அதை பம்பரில் வைக்காமல் சேஸிஸில் போல்ட் போட்டார்கள்.

பழைய ஜீப்பை 15 வருஷம் ஆனதும் அரசு பிடுங்கிக்கொள்ளும் என்று ஒரு பேச்சு கிராமங்களில் ஓடுகிறது. தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம், பசுமை வரியும் கட்ட வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் பல மடங்கு கூடிவிட்டது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். 15 வருஷத்தோடு புதுப்பிப்பு நின்றது 2023 ஏப்ரல் முதல் அரசுக்குச் சொந்தமான வண்டிகளுக்கு. டெல்லிப் பகுதியின் கட்டுப்பாடு வேறு.

சோதனையில் தரையையும் சேஸிஸையும் பற்றிக் கேள்வி எழவில்லை. ஆய்வாளர் கைகாட்டியது முன்பக்கத்தில் இருந்த இரும்புக் குழாய் கார்டை. 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதைக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டிருக்கிறது. எதிரே நடந்து வருபவருக்கு அது சாவு, மோதலின் வேகத்தையும் நேராகச் சேஸிஸுக்கே கடத்திவிடும். அலுவலக வாசலிலேயே ஸ்பேனர் வாங்கிக் கழற்றி, மறுபடி வரிசையில் நின்று, சாயங்காலம் சான்றிதழோடு வீட்டுக்கு வந்தார்கள்.

அந்தக் குழாய் இப்போது ஆட்டுக்கொட்டகையின் படலாக இருக்கிறது. மயில்துத்தக் கரைசல் டிரம் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டிக்குள் உட்கார்ந்து மலை ஏறுகிறது. மருந்தடித்துத் திரும்பியதும் முதல் வேலை, வீட்டு வாசலில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றி, நான்கு துளையிலும் இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பது.